மறதி நோயாளருக்கு ஓர் இல்லம்: பார்ப்பதும் கேட்பதும் கையெழுத்திடுவதும்

மும்பை செம்பூரில் உள்ள எங்கள் கிளைக்கு ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வந்தார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவருடைய தந்தைக்கு 82 வயது. மறதி நோய் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியவர் நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவதும், மகளையே பார்த்து யார் என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டன. மகளுக்கும் உடல்நலம் குன்றியிருந்தது. நகரின் புறப்பகுதியில் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். இல்லத்துக்கு முன்பணமாக 3 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். தந்தையும் தானும் கூட்டாக வைத்திருந்த நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார்.

“யாரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்ற முறையில் அமைந்த வைப்பு அது. முதிர்வு நாளில் இருவரில் ஒருவர் கையெழுத்தே போதும். முதிர்வுக்கு முன் முடிக்க வேண்டுமாயின் இருவர் கையெழுத்தும் தேவை. தந்தையோ தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அறியும் நிலையில் இல்லை. “சார், பணம் அப்பாவுடையது, செலவும் அப்பாவுக்குத்தான். இதில் என்ன தடை?” என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது, எங்களால் இசைய இயலவில்லை. முதிர்வுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. மனம் வருந்தியே திரும்பிச் சென்றார்.

அந்த ஐந்து வாரங்களுக்குள் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, முன்னறிவிப்பின்றி அவர் அந்த இல்லத்துக்கு மீண்டும் சென்றிருக்கிறார். முதன்முறை காலை பதினொரு மணிக்குக் கண்ட தூய்மையான கூடத்தில், நான்கு முதியவர்கள் நாற்காலியோடு துணியால் கட்டப்பட்டு அமர்ந்திருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஒரே ஒரு உதவியாளர். அம்மையார் வேறு இல்லம் தேடினார். இதில் வங்கி விதிக்குப் பெருமை ஏதும் இல்லை; தாமதம் தற்செயலாகக் கைகொடுத்தது, அவ்வளவே. ஆயினும் இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களை ஒருங்கே சொல்கிறது. இல்லத்தை நாம் அங்கே இருக்கும் நேரத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது. நாம் இல்லாத நேரத்தில் நடப்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீடு பயன்தர வேண்டுமாயின், பணமும் பத்திரங்களும் முன்னரே ஒழுங்காக இருத்தல் வேண்டும். இக்கட்டுரையில் இவ்விரண்டையும் வரிசையாகக் காண்போம்.

நோயின் இயல்பும் இல்லத்தின் வகையும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அல்சைமர் நோய் இதற்கு முதன்மையான காரணம். மூளை இரத்தக் குழாய்களின் பாதிப்பு மற்றொரு காரணம். இந்நோய் நினைவை மட்டும் குறைப்பதன்று. காலம், இடம் பற்றிய உணர்வு, பேச்சு, தீர்மானிக்கும் திறன், நடை, இறுதியில் விழுங்கும் ஆற்றல் என ஒவ்வொன்றாகக் குறைத்துச் செல்கிறது.

ஆகவே முதியோர் இல்லம் வேறு, மறதி நோயாளர் பராமரிப்பு இல்லம் வேறு. பல முதியோர் இல்லங்கள், தம் வேலையைத் தாமே செய்துகொள்வோரை மட்டுமே ஏற்கின்றன. நோயை மறைத்து அத்தகைய இல்லத்தில் சேர்த்தால், சில மாதங்களில் “அழைத்துச் செல்லுங்கள்” என்ற தொலைபேசி அழைப்பு வருவது உறுதி. நோய்நிலையை மருத்துவச் சான்றுடன் வெளிப்படையாகச் சொல்லி, “படுக்கையில் விழுந்த பின்னும் வைத்துக்கொள்வீர்களா? எந்த நிலையில் திருப்பி அனுப்புவீர்கள்?” என்பதையே முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

இல்லத்தைப் பார்க்கும் முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

இல்லம் தேடப் புறப்படுமுன் நம் உறவினரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொள்வது நலம். இரவில் எத்தனை முறை எழுகிறார், தனியே வெளியேறும் பழக்கம் உண்டா, கழிப்பறைக்கு எவ்வளவு உதவி தேவை, உண்ணும்போது இருமலோ புரையேறுதலோ உண்டா, எதற்குச் சினம் கொள்கிறார், எதனால் அமைதி அடைகிறார், என்னென்ன மருந்துகள் என்பன அதில் இடம்பெற வேண்டும். நமக்கு வேண்டியது பொதுவில் சிறந்த இல்லம் அன்று. இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் இல்லம்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அப்பக்கத்தில் மொழியையும் சேர்க்க வேண்டும். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி நெடுநாள் நிற்பதும் இந்நோயில் பரவலாகக் காணப்படுவன. செம்பூர்ப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசியவர். இப்போது தமிழ் மட்டுமே பேசுகிறார். “தண்ணீர்” என்று அவர் கேட்பது யாருக்கும் விளங்காவிட்டால், அது பிடிவாதமாகவோ கூச்சலாகவோ பதிவாகும். அதற்கு மருந்தும் தரப்படும். தமிழ் அறிந்த உதவியாளர் இல்லையெனில், இருபது சொற்களைப் பொருளுடன் எழுதி இல்லத்தாரிடம் தருவது பெருந்துணையாகும்.

மூன்று வேளைகளில் மூன்று வருகைகள்

முதல் வருகை உணவு வேளையில் அமையட்டும். ஊட்டிவிடுவோர் நோயாளரின் அருகில் அமர்ந்து, அவர் விழுங்கும் வரை காத்திருக்கிறார்களா, அல்லது நின்றபடியே ஒரே தட்டிலிருந்து பலருக்கு ஊட்டுகிறார்களா என்று பாருங்கள். மென்மையாக மசித்த உணவு தனியே தயாரிக்கப்படுகிறதா? உண்ணாமல் விட்ட தட்டுகள் எண்ணிக் குறிக்கப்படுகின்றனவா, அல்லது வெறுமனே எடுத்துச் செல்லப்படுகின்றனவா?

இரண்டாம் வருகை மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள். பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் மிகுவது மறதி நோயாளர் பலரிடம் காணப்படும் இயல்பு. “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று வாயிலை நோக்கி நடப்பர். ஓர் இல்லத்தின் தரம் இந்த வேளையில்தான் வெளிப்படும். கைபிடித்து இரண்டு சுற்று நடத்திச் செல்லும் உதவியாளரும் உண்டு. நாற்காலியில் கட்டி வைப்போரும் உண்டு.

மூன்றாம் வருகை ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகை நாளோ ஆகட்டும். அன்று பொறுப்பாளர் இல்லாதபோது யார் முடிவெடுக்கிறார், பணிக்கு எத்தனை பேர் வந்துள்ளனர் என்பது புலனாகும். முன்னறிவிப்பின்றிப் பார்வையிட இசையாத இல்லத்தைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை.

இம்மூன்று வருகைகளிலும் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை தருக. கழிப்பறையில் பிடிகம்பியும் வழுக்காத தரையும் உள்ளனவா? முதியவர்களின் நகம் வெட்டப்பட்டுள்ளதா? அணிந்திருப்பது தம் உடையா, பொது உடையா? மூத்திர நெடி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது அப்போதைய நிகழ்வாக இருக்கலாம். கட்டடம் முழுவதும் இருந்தால் அது வழக்கம். வெளியேறும் வாயில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அதே சமயம் தீ விபத்தின்போது உடனே திறக்கவும் இயல வேண்டும். உதவியாளர்கள் முதியவர்களை “ஐயா”, “அம்மா” என்று பெயர் சொல்லி அழைக்கிறார்களா, அல்லது “நாலாம் நம்பர்” என்கிறார்களா என்பதையும் கேட்டு வாருங்கள்.

கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

1. இல்லம் எந்தச் சட்டத்தின்கீழ், எந்த அதிகாரியிடம் பதிவு பெற்றுள்ளது? பதிவுச் சான்றின் நகல் கிடைக்குமா? மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுவதால் வாய்மொழி உறுதி போதாது.

2. பகலில் எத்தனை பேருக்கு ஓர் உதவியாளர்? இரவில் எத்தனை பேருக்கு? இரவில் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லத்துக்குள்ளேயே இருப்பாரா?

3. உதவியாளர்கள் எவ்வளவு காலமாகப் பணியில் உள்ளனர்? மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முகங்கள் மாறும் இல்லத்தில் மறதி நோயாளர் நிலைகொள்வது அரிது.

4. பதற்றம் மிகுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? “ஊசி போடுவோம்” என்பது முதல் விடையானால் எச்சரிக்கை தேவை. மனப்பிறழ்வுக்கான சில மருந்துகள், மறதி நோயுள்ள முதியோரிடம் உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்துள்ளது. அவற்றைத் தொடங்கும் முன் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் முறை உண்டா?

5. கட்டி வைக்கும் வழக்கம் உண்டா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிறுவனங்களில் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலுடன் உடற்கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணமாக்கக் கூடாது என்றும் அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது.

6. படுக்கையில் இருப்பவரை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்? அதற்குப் பதிவேடு உண்டா? இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் உள்ளது?

7. விழுந்துவிட்டால் எந்த மருத்துவமனைக்கு, யார் உடன் செல்வர்? குடும்பத்துக்கு எவ்வளவு நேரத்தில் தகவல் வரும்?

8. இங்கு உறவினரைச் சேர்த்துள்ள இரண்டு குடும்பங்களுடன், அவர்கள் இசைவுடன், நாங்கள் தனியே பேசலாமா?

கட்டணம்: விளம்பரத்தாளும் உண்மைச் செலவும்

இங்குதான் வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கைக் காண்போம். இல்லத்தின் விளம்பரத்தாளில் மாதக் கட்டணம் 40,000 ரூபாய் என்று இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு 24 லட்சம் என்று குடும்பம் கணக்கிடுகிறது. ஆனால் டயப்பர் முதலிய பொருள்களுக்கு 6,000, மருந்துக்கும் மருத்துவர் வருகைக்கும் 5,000, உடற்பயிற்சிச் சிகிச்சை, பரிசோதனை, வாகனம் ஆகியவற்றுக்கு 4,000 என்று தனியே வரும். அப்போது மாதச் செலவு 55,000 ரூபாய். ஆண்டுக்கு 6,60,000 ரூபாய். ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயர்வு என்று ஒப்பந்தத்தில் இருந்து, பிற செலவுகளும் அவ்வாறே உயர்ந்தால், ஐந்தாம் ஆண்டில் மட்டும் செலவு 9,66,306 ரூபாய் ஆகும். ஐந்து ஆண்டுகளின் கூட்டுத்தொகை 40,29,366 ரூபாய். முதல் கணக்குக்கும் இதற்கும் இடையே 16 லட்சத்துக்கு மேல் வேறுபாடு.

எனவே ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் எழுத்தில் இருத்தல் வேண்டும். முதலாவது, கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா என்னும் முழுப் பட்டியல். இரண்டாவது, ஆண்டு உயர்வின் உச்ச வரம்பு. மூன்றாவது, நோய் முற்றும்போது கட்டணம் எந்த அடிப்படையில் மாறும் என்பது. நான்காவது, நாம் விலகினாலோ முதியவர் மறைந்தாலோ முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பது. இந்த நான்காவதே முக்கியமானது. திரும்பாத பெரிய முன்பணம், தீய இல்லத்திலிருந்து உறவினரை அழைத்து வரவிடாமல் நம் கையைக் கட்டிவிடும். இயன்றால் ஒரு மாதச் சோதனைக் காலத்துக்கு இசையும் இல்லத்தைத் தேர்க.

வங்கியிலும் நீதிமன்றத்திலும் எழும் சிக்கல்கள்

நோயின் தொடக்க நிலையில், உறவினர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல இயலும் காலத்திலேயே, அவரையும் உடன் வைத்துக்கொண்டு வங்கி ஏற்பாடுகளைச் செய்து முடிக்க வேண்டும். இவ்விடயத்தில் மூன்று தவறான நம்பிக்கைகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

பொது அதிகாரப் பத்திரம் போதும் என்பது முதலாவது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழந்தால் முகவர் உரிமை முடிவுக்கு வருகிறது. தேவை எழும் வேளையில்தான் அது பயனற்றுப் போகிறது.

நியமனதாரர் பணத்தை எடுக்கலாம் என்பது இரண்டாவது. நியமனம், கணக்குதாரரின் மறைவுக்குப் பின்னரே பயன்படும். அவர் வாழும் காலத்தில் நியமனதாரருக்கு எந்த உரிமையும் இல்லை.

கைந்நாட்டு வைத்தால் போதும் என்பது மூன்றாவது. நோயாலோ முதுமையாலோ கையெழுத்திட இயலாதவர், சாட்சிகள் முன்னிலையில் கைந்நாட்டு வைத்துப் பணம் பெற வழி உண்டு. அது உடல் இயலாமைக்கான ஏற்பாடு. செய்வதை அறியாதவரின் விரலைப் பிடித்து வைப்பதற்கு அது பொருந்தாது.

மனத்தெளிவு முற்றிலும் நீங்கிய பின் நீதிமன்றத்தின் வழியே பாதுகாவலர் நியமனம் பெறுவதே வழி. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த சொத்து நிர்வாக ஏற்பாட்டைத் தொடரவில்லை. ஆகவே பல குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாட நேர்கிறது. அதற்குக் காலமும் செலவும் ஆகும்.

முன்கூட்டியே செய்யத்தக்கவை எளியவை. சேமிப்புக் கணக்கை நம்பிக்கைக்குரியவருடன் கூட்டாக்கலாம். ஒரே பெரிய வைப்புக்கு மாற்றாக, ஆறு மாதங்களுக்கு ஒன்று முதிரும்படி சிறு வைப்புகளாகப் பிரித்தால், முதிர்வுக்கு முன் முடிக்கும் தேவையே எழாது. உயிலையும் மனத்தெளிவு உள்ளபோதே எழுதிவிட வேண்டும். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் இல்லத்தாரிடம் ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

வீட்டின்மீது ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன் பெற்று மாதந்தோறும் தொகை பெறுவோர், ஒரு செய்தியை மறக்கலாகாது. கடன்தாரரும் கூட்டுக் கடன்தாரரும் அவ்வீட்டை விட்டு நிலையாக வெளியேறினால் கடன் திருப்பிச் செலுத்தத்தக்கதாகிவிடும். பொதுவாக, ஓராண்டு தொடர்ந்து அங்கு வசிக்காமை நிலையான வெளியேற்றமாகக் கொள்ளப்படுகிறது. துணைவரும் இல்லாத ஒருவரை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் கிளையில் கலந்து பேசுவது இன்றியமையாதது.

ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தேவை. 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். முக அடையாளம் கொண்டு கைபேசி வழியே இல்லத்திலிருந்தபடியே அளிக்கவும் இயலும். வரிச் சலுகையும் ஒன்று உண்டு. இயலாமை 40 விழுக்காட்டுக்குக் குறையாத மறதி நோய்க்கான சிகிச்சைச் செலவுக்கு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு, முதியோரைப் பொறுத்து ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு அளித்தது. இது பழைய வரிமுறையைத் தேர்ந்தோருக்கே உரியது. நடப்பு விதியைக் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்க. 70 வயதைக் கடந்தோருக்கான ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு அதை நம்பிக் கணக்கிடலாகாது.

சேர்த்த பின்னரும் தொடரும் கடமை

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதன்று. பெற்றோரைக் கைவிடும் நோக்குடன் எங்கேனும் விட்டுவிடுவதை 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆனால் இயன்ற வரை தாங்கி, தக்க இடம் தேடி, தொடர்ந்து சென்று பார்த்து வருவோர் நெஞ்சில் குற்ற உணர்வைச் சுமக்கத் தேவையில்லை. செல்லும் நாளையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் செல்லுங்கள். மாதந்தோறும் எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; காரணமின்றி எடை குறைவது முதல் அபாய அறிகுறி. குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் கண்ணால் பாருங்கள்.

ஆலோசனைக்கு, 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்டுப் பல மாநிலங்களில் கிளைகளுடன் இயங்கும் இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கத்தை அணுகலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416. பராமரிக்கும் குடும்பத்தாரும் இதில் பேசலாம்.

செம்பூர் அம்மையார் மூன்றாவதாகப் பார்த்த இல்லத்தில் தந்தையைச் சேர்த்தார். கட்டடம் பழையது, முற்றத்தில் ஒரு வேப்பமரம். முன்பணம் இரண்டு மாதக் கட்டணமே. விலகினால் முப்பது நாளில் திரும்பும் என்று எழுத்தில் இருந்தது. பாலக்காட்டைச் சேர்ந்த, தமிழ் பேசும் உதவியாளர் ஒருவர் அங்கே இருந்தார். வைப்பு முதிர்ந்த அன்று அம்மையார் கிளைக்கு வந்தார். பணத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தார். எஞ்சியதைத் தம் கணவருடன் கூட்டாக, ஆறு மாத இடைவெளியில் முதிரும் சிறு வைப்புகளாகத் தம் பெயரில் போட்டார். “நாளைக்கு எனக்கும் இது வந்தால், என் பிள்ளைகள் இந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது” என்றார். நம் வீடுகளிலும் அந்தப் படிவங்களை நிரப்பும் நாள், நலமாக இருக்கும் நாளாகவே அமையட்டும்.